சிசிலி தீவுக்கு டூர் பிளான் பண்றவங்க எங்கிட்ட கேக்கற கேள்விகள்

நான் ரெண்டு தடவ சிசிலி போயிட்டு வந்தேன். மொத தடவ நானும் வீட்டுக்காரரும் மட்டும், ஆகஸ்ட் மாசம், ஏழு நாள்ல காரை எடுத்துக்கிட்டு தீவை முழுசா ஒரு ரவுண்டு அடிச்சோம். ரெண்டாவது தடவ அக்டோபர்ல, மாமியாரையும் ஒம்பது வயசு பையனையும் கூட்டிக்கிட்டு பத்து நாள். ரெண்டு டிரிப்புக்கும் அவ்ளோ வித்தியாசம். அதுலருந்து வாரத்துக்கு ஒருத்தராவது வாட்ஸ்அப்ல அதே கேள்விகளைத்தான் கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி விரல் தேஞ்சு போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுடறேன்.

ஒரு வாரத்துல தீவு முழுக்க சுத்திட முடியுமா?

சுத்தலாம். ஆனா பாக்க முடியாது. தீவுன்னு சொன்னதும் நம்ம மண்டையில ராமேஸ்வரம் சைஸ்தான் வருது, காலைல கெளம்பினா சாயங்காலத்துக்குள்ள ஒரு சுத்து வந்துடலாம்னு. இத்தாலியோட சேந்த சிசிலி, மத்தியதரைக்கடல்லயே பெரிய தீவுங்க, கிட்டத்தட்ட 25,700 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டுல அஞ்சுல ஒரு பங்கு. நடுவுல பூரா மலை. மேப்ல பாத்தா ரகூசாவுக்கும் அக்ரிஜெந்தோவுக்கும் நடுவுல ஒரு விரக்கடை தூரம்தான் தெரியும், ஓட்டினா ரெண்டரை மணி நேரம், ஏன்னா அந்தப் பக்கம் ஹைவே கெடையாது, ஊருக்கு ஊரு ரவுண்டானா, முன்னாடி ஒரு டிராக்டர் போச்சுன்னா அது பின்னாலயே உருண்டு போக வேண்டியதுதான்.

மொத தடவ நாங்க பண்ண தப்பு இதான். ஏழு ராத்திரிக்கு ஆறு ஓட்டல். தினமும் காலைல பெட்டி கட்டு, மத்தியானம் வெயில்ல பார்க்கிங் தேடு, சாயங்காலம் புது ஊர்ல சாவி வாங்கு. ஊருக்கு வந்து போட்டோ பாத்தா பாதி போட்டோ எந்த ஊர்ல எடுத்ததுன்னே ரெண்டு பேருக்கும் தெரியல. அதனால வட்டம் போடாதீங்க. ஏழு நாள்தான் லீவுன்னா தீவை ரெண்டா வெட்டி ஒரு பக்கம் மட்டும் எடுங்க, கெழக்குன்னா கத்தானியா, எட்னா எரிமலை, தாவோர்மினா, சிராக்கூசா, நோட்டோ. மேக்குன்னா பலெர்மோ, மொன்ரியாலே, செஃபலு, த்ராப்பனி, எரிச்சே. இன்னொரு பாதிய விட்டுட்டு வர மனசு வராதுதான், தெரியுது.

அப்ப எத்தனை நாள் வேணும், எங்கெங்க தங்கறது?

பத்து நாள் கெடச்சா ரெண்டு பக்கமும் பாக்கலாம், ஆனா மூணே மூணு எடத்துல தங்குங்க. நாங்க ரெண்டாவது தடவ போட்டது: கத்தானியால மூணு ராத்திரி, சிராக்கூசால மூணு ராத்திரி, நடுவுல அக்ரிஜெந்தோல ஒரே ஒரு ராத்திரி, கடைசியா பலெர்மோல மூணு. அக்ரிஜெந்தோவ தங்கற ஊரா நான் கணக்குல சேக்கல, அது வழியில ஒரு பஸ் ஸ்டாப் மாதிரி. கத்தானியால எறங்கி பலெர்மோலருந்து ஃப்ளைட் ஏறணும், இத மட்டும் டிக்கெட் போடும்போதே பண்ணிடுங்க, போன வழியிலயே திரும்பி வர்ற ஒரு நாள் மிச்சம்.

சிராக்கூசால தங்கறதுன்னா ஒர்த்திஜாவுலதான் தங்கணும். அது பாலத்தால ஒட்டியிருக்கற குட்டித் தீவு, பழைய ஊர் பூரா அங்கதான். ராத்திரி பத்து மணிக்கு பையன் அந்த கதீட்ரல் முன்னாடி இருக்கற பெரிய முற்றத்துல லோக்கல் பசங்களோட பந்து வெளையாடினான், மொழி ஒண்ணும் தெரியாது, கோல் போட்டா கத்தினாங்க, அவ்ளோதான். இதெல்லாம் ஒரே ஊர்ல மூணு நாள் இருந்தாதான் நடக்கும்.

எந்த மாசம் நல்லது?

ஏப்ரல் கடைசிலருந்து ஜூன் நடு வரைக்கும், இல்ல செப்டம்பர் நடுலருந்து அக்டோபர் கடைசி வரைக்கும். கடல்ல குளிக்கணும்னா செப்டம்பர், தண்ணி நல்லா சூடா இருக்கும்.

ஜூலை ஆகஸ்ட் வேண்டாம். நாம பாக்காத வெயிலான்னு நானும் அப்படித்தான் சொன்னேன். 2021 ஆகஸ்ட் 11ஆம் தேதி சிராக்கூசா பக்கத்துல 48.8 டிகிரி பதிவாச்சு, அது ஐரோப்பாவோட ரெக்கார்ட். தினமும் அப்படி இருக்காதுதான், ஆனா கோயில் இடிபாடுகள்ல ஒரு பொட்டு நெழல் கெடையாது, கல்லுலருந்து சூடு மேல வரும். இன்னொண்ணு ஆகஸ்ட் 15, ஃபெர்ரகோஸ்தோன்னு சொல்வாங்க, இத்தாலி பூரா லீவு விட்டு அத்தனை பேரும் பீச்சுக்கு வந்துருவாங்க, ரூம் வெல ரெண்டு மடங்கு, உள்ளூர்க் கடைங்க பலது மூடியிருக்கும். நாங்க போனது கரெக்டா அந்த வாரம்.

ஸ்கூல் லீவு பிரச்சனைன்னா மே மாசம் போங்க. குளிர்காலத்துல கூட்டம் இல்ல, வெலயும் கம்மி, ஆனா மழை வரும், தீவுகளுக்குப் போற போட்டும் காத்தடிச்சா நிறுத்திடுவாங்க.

இந்தியாலருந்து நேரா ஃப்ளைட் இருக்கா?

இல்ல. ரோம், மிலான் வழியா மாறிப் போகலாம், இஸ்தான்புல்லருந்து கத்தானியாவுக்கும் பலெர்மோவுக்கும் இருக்கு, துபாய்லருந்து கத்தானியாவுக்கு இருக்கு. ரோம்ல எறங்கி லோ காஸ்ட் ஃப்ளைட் தனியா புக் பண்ணா லக்கேஜ் கணக்க பாத்துக்கோங்க, மொத ஃப்ளைட் லேட்டானா ரெண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்ல.

ரயில் பிரியர்களுக்கு ஒரு வழி இருக்கு. ரோம்லருந்தோ நேப்பிள்ஸ்லருந்தோ வர்ற ரயில் மெஸ்ஸீனா ஜலசந்திய கப்பல்ல தாண்டும். ஆமாங்க, ரயிலையே துண்டு துண்டா கழட்டி கப்பல் வயித்துக்குள்ள தண்டவாளத்துல தள்ளி ஏத்துவாங்க, நாம பெட்டியிலருந்து எறங்கி மேல டெக்குக்குப் போய் கடலைப் பாத்துக்கிட்டே ஒரு அரஞ்சீனோ (உள்ள மசாலா வெச்சுப் பொரிச்ச சோத்து உருண்டை) சாப்பிடலாம். கடல் தூரம் குறுகலான எடத்துல மூணு கிலோமீட்டர்தான், ஆனா இந்த கழட்டி மாட்டற வேலைக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடும். அங்க பாலம் கட்டறேன்னு எத்தனையோ வருஷமா பேசிட்டு இருக்காங்க, கட்டிட்டா இது போயிடும், ஆச இருந்தா முன்னாடியே போயிடுங்க.

விசா?

ஷெங்கன் விசாதான், ஐரோப்பால பல நாட்டுக்குப் பொதுவானது, சிசிலிக்குன்னு தனியா எதுவும் இல்ல. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடிலருந்து அப்ளை பண்ணலாம், ஃபீஸ் பெரியவங்களுக்கு 90 யூரோ, ஆறுலருந்து பதினொரு வயசு பசங்களுக்கு 45, சர்வீஸ் சார்ஜ் தனி. 30,000 யூரோவுக்கு கொறையாத மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டாயம். சம்மர் சீசன்ல அப்பாயின்ட்மென்ட் கெடைக்கறதுதான் பெரும்பாடு, மூணு மாசம் முன்னாடியே புடிச்சு வெச்சுக்கோங்க.

கார் எடுக்கணுமா?

பத்து நாளும் வேண்டாம். நடுவுல மூணு நாள் போதும்.

ஏன்னா கத்தானியா, பலெர்மோ ரெண்டுலயும் கார் வெச்சிருக்கறது தலவலி. பலெர்மோ டிராஃபிக் பாத்து வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார், நம்ம காந்திபுரம் சிக்னல் மாதிரியே இருக்குன்னு, ஆனா பார்க்கிங் கெடைக்காது. கார் வேணுங்கறது தென்கெழக்குல இருக்கற பரோக் (வேலைப்பாடு நெறஞ்ச பழைய ஐரோப்பியக் கட்டட ஸ்டைல்) ஊருங்களுக்கும் உள்நாட்டுக்கும்தான். சிராக்கூசால கார எடுத்து, நோட்டோ, மோதிகா, ரகூசா பாத்து, பியாட்சா அர்மெரினா, அக்ரிஜெந்தோ வழியா பலெர்மோல விட்டுடணும். வேற ஊர்ல விடறதுக்கு எக்ஸ்ட்ரா காசு கேப்பாங்க, குடுத்துடுங்க.

நம்ம லைசென்ஸோட ஆர்டிஓல வாங்கற இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் வேணும், சும்மா லைசென்ஸ காட்டினா சில எடத்துல சாவி குடுத்துருவாங்க, ஆனா போலீஸ் நிறுத்தினா மாட்டிக்குவீங்க. யார் ஓட்டறாங்களோ அவங்க பேர்ல கிரெடிட் கார்டு இருக்கணும், டெபிட் கார்டுக்கு பெரும்பாலும் தலையாட்ட மாட்டாங்க. டெபாசிட்டுன்னு கார்டுல ஒரு பெரிய தொகைய பிளாக் பண்ணுவாங்க, லிமிட் பாத்துக்கோங்க. வண்டி பெரும்பாலும் கியர் வண்டி, ஆட்டோமேட்டிக் வேணும்னா முன்னாடியே சொல்லணும். வண்டிய கைல வாங்கின ஒடனே நாலு பக்கமும் வீடியோ எடுங்க, ஏற்கனவே இருந்த கீறலுக்கெல்லாம் நாம காசு கட்டக் கூடாது.

இப்ப முக்கியமான விஷயம், ஜெட்டிஎல்-னு ஒண்ணு. ZTLங்கற மூணு எழுத்து, இத்தாலியன்ல 'த்சேதா தி எல்லே'ன்னு சொல்வாங்க. பழைய ஊருக்குள்ள வெளி வண்டி நொழையக் கூடாத ஏரியா. கேட்டும் இல்ல, போலீஸும் இல்ல, செவப்பு வட்டம் போட்ட ஒரு போர்டும் ஒரு கேமராவும்தான். போர்டு பக்கத்துல எலக்ட்ரானிக் பலகைல 'வார்க்கோ அத்தீவோ'ன்னு எரிஞ்சா கேமரா வேலை செய்யுதுன்னு அர்த்தம், உள்ள போகக் கூடாது. அத 'போகலாம்'னு நெனச்சுக்கிட்டு நாங்க ஒரு ஊர்ல ஓட்டல் தேடி ஒரே சந்துல மூணு தடவ சுத்தினோம். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு ஃபைன். அது வீட்டுக்கு வந்தது அஞ்சு மாசம் கழிச்சு, ரிஜிஸ்டர் தபால்ல, அதுக்கு முன்னாடியே கார் குடுத்த கம்பெனி எங்க அட்ரஸ போலீசுக்குக் குடுத்ததுக்கு ஒரு சர்வீஸ் சார்ஜ் தனியா கார்டுல இழுத்துட்டாங்க. அந்தத் தபால கூட்டிப் பாத்தா ரெண்டு நாள் ஓட்டல் வாடக. ஒர்த்திஜாவும் இப்படித்தான், பாலம் தாண்டினதும் தலேத்தேன்னு ஒரு பார்க்கிங் இருக்கு, அங்கயே விட்டுட்டு நடங்க. கூகுள் மேப் சொல்லுதுன்னு உள்ள போயிடாதீங்க, அதுக்கு ஃபைன் வராது.

ரோட்டோர கோடு: வெள்ளைன்னா ஃப்ரீ, நீலம்னா காசு, மஞ்சள்னா நமக்கில்ல. டோல் இருக்கறது மெஸ்ஸீனாலருந்து கத்தானியா, மெஸ்ஸீனாலருந்து பலெர்மோ ரோட்டுலதான், கத்தானியா பலெர்மோ நடுவுல இருக்கற ஏ19 ஃப்ரீ, சுமாரா 200 கிலோமீட்டர், ரெண்டரை மணி நேரம்.

கார் ஓட்டவே தெரியாது, அப்பவும் போகலாமா?

தாராளமா. கத்தானியா சிராக்கூசா ரயில்ல ஒண்ணே கால் மணி நேரம், பலெர்மோ செஃபலு ஒரு மணி நேரம், பலெர்மோ அக்ரிஜெந்தோ ரெண்டு மணி நேரம். கத்தானியா பலெர்மோவுக்கு மட்டும் ரயில விட பஸ்ஸே மேல், அந்தப் பாதைல மராமத்து வேலைக்காக நடுவுல எறக்கி பஸ்ல ஏத்தறதெல்லாம் நடக்குது. கத்தானியா ஏர்போர்ட் வாசல்லருந்தே தாவோர்மினா, சிராக்கூசாவுக்கு பஸ் இருக்கு. ஞாயித்துக்கெழம மட்டும் நம்பாதீங்க, பாதி பஸ் ஓடாது. கௌன்ட்டர்ல வாங்கற பேப்பர் டிக்கெட்ட ரயில் ஏறறதுக்கு முன்னாடி பிளாட்பார மெஷின்ல குத்தணும், டிக்கெட் கைல இருந்தும் குத்தலன்னா ஃபைன்தான். 'ஷோப்பெரோ'ங்கற வார்த்தைய தெரிஞ்சு வெச்சுக்கோங்க, ஸ்ட்ரைக்னு அர்த்தம், முன்கூட்டியே அறிவிச்சுட்டுதான் பண்ணுவாங்க.

எட்னா எரிமலைல ஏறலாமா? வெடிச்சா என்ன பண்றது?

எட்னா அடிக்கடி பொகஞ்சுக்கிட்டேதான் இருக்கும், அதான் அதோட வேலை. 3,300 மீட்டருக்கு மேல ஒயரம், வெடிக்க வெடிக்க ஒயரமே மாறிக்கிட்டு இருக்கும். கத்தானியாக்காரங்க அத 'அவ'ன்னு பொம்பளையாத்தான் சொல்வாங்க. 2025 ஜூன் 2ஆம் தேதி பெரிசா வெடிச்சு டூரிஸ்ட்டுங்க மலைலருந்து எறங்கி ஓடற வீடியோ பாத்துருப்பீங்க. அதுக்காக பயந்துட்டு போகாம இருக்க வேண்டியதில்ல, அன்னன்னிக்கு நெலமைக்கு ஏத்த மாதிரி எவ்ளோ ஒயரம் வரைக்கும் விடறதுன்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க.

தெக்குப் பக்கம் ரிஃபூஜியோ சப்பியென்ட்சான்னு ஒரு எடம், சுமாரா 1,900 மீட்டர், அது வரைக்கும் கார் போகும், கத்தானியாலருந்து காலைல ஒரே ஒரு பஸ் போய் சாயங்காலம் திரும்பும். அங்கருந்து கேபிள் கார் 2,500 மீட்டர் வரைக்கும். டிக்கெட் ஆளுக்கு 50 யூரோ கணக்கு வரும், குடும்பத்தோட போனா நெஞ்சு படபடக்கும். அதுக்கு மேல உச்சிப் பக்கம் கைடு இல்லாம போகாதீங்க. மாமியார் கேபிள் கார் வேண்டாம்னுட்டாங்க, கீழயே பக்கத்துல சில்வெஸ்த்ரின்னு பழைய எரிமலை வாய்ங்க இருக்கு, அதோட வெளிம்புல நடந்துட்டு, 'மண்ணு பூரா கரியா இருக்கு, ஆனா அதுலயும் மஞ்சப் பூ மொளைக்குது பாரு'ன்னு அரை மணி நேரம் அங்கயே ஒக்காந்துட்டாங்க. எனக்கு கேபிள் காரவிட அதுதான் ஞாபகம் இருக்கு.

கத்தானியால முப்பது டிகிரி இருந்தாலும் மேல ஸ்வெட்டர் வேணும். சாம்பல் காத்துல கலந்தா கத்தானியா ஏர்போர்ட்ட மூடிருவாங்க, இது வருஷத்துக்கு சில தடவ நடக்கறதுதான், அதனால திரும்பற அன்னிக்கு ரோம்ல டைட்டா கனெக்ஷன் வெக்காதீங்க. கடைசி ஊரா பலெர்மோவ வெக்கச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

நாங்க சைவம், பட்டினியா கெடக்கணுமா?

இதுக்குத்தான் அதிகம் பயந்தேன், மாமியார் முட்டை கூட சாப்பிட மாட்டாங்க. கடைசில இத்தாலில வேற எங்கயும் விட சிசிலிலதான் அவங்க நல்லா சாப்பிட்டாங்க.

மொதல்ல பனெல்லே. பலெர்மோ தெருக்கடை அயிட்டம். கடலை மாவ தண்ணில கரைச்சு அடுப்புல கெட்டியா கிளறி, பரப்பி ஆற வெச்சு, மெல்லிசா வெட்டி எண்ணெயில பொரிச்சு, எள்ளு தூவின பன்னுக்குள்ள வெச்சு எலுமிச்சம் பழம் புழிஞ்சு தருவாங்க. மாமியார் ஒரு கடி கடிச்சுட்டு 'இது நம்ம பஜ்ஜி மாவுதானே, உள்ள வாழக்கா வெக்க மறந்துட்டான்'னாங்க. ஆனா தினமும் ஒண்ணு சாப்பிட்டாங்க. அடுத்து கப்போனாத்தா, கத்திரிக்காய பொரிச்சு தக்காளி, செலரி, ஆலிவ் எல்லாம் போட்டு வினிகரும் சர்க்கரையும் சேத்த புளிப்பும் இனிப்புமான தொக்கு. கத்தானியால பாஸ்தா அல்லா நோர்மா, அதுவும் கத்திரிக்காதான், மேல உப்பு ரிகோட்டா சீஸ் துருவிப் போடுவாங்க. கத்திரிக்கா புடிக்காதுன்னா உங்களுக்கு கொஞ்சம் கஷ்டம்.

ஏமாத்தற அயிட்டங்கள்: ஸ்ஃபின்ச்சோனேன்னு பஞ்சு மாதிரி பீட்சா, பாத்தா வெறும் வெங்காயம் தக்காளி, உள்ள நெத்திலி மாதிரி அச்சூகே மீன் கரைஞ்சிருக்கும். அரஞ்சீனோல பொதுவா கறி இருக்கும், 'அல் புர்ரோ'ன்னா வெண்ணெய்னு நெனச்சு வாங்கினா அதுல ஹாம், அதாவது பன்னிக்கறி இருக்கும். ஹாம கறின்னே சில பேர் கணக்குல எடுத்துக்க மாட்டாங்க, அதனால 'வெஜெதாரியானா'ன்னு மட்டும் சொல்லாம 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா ப்ரொஷூத்தோ'ன்னு (கறி, மீன், ஹாம் இல்லாம) மூணையும் சொல்லுங்க. கன்னோலின்னு ரிகோட்டா சீஸ் நெரப்பின குழல் இனிப்பு, அதோட ஓட்ட பாரம்பரியமா பன்னிக் கொழுப்புல பண்ணுவாங்க, பார்மிஜானோ சீஸ்ல கன்னுக்குட்டி வயித்துலருந்து எடுக்கற ரென்னெட் இருக்கும், கறாரா பாக்கறவங்களுக்காக சொல்றேன், மத்தவங்க இந்த வரிய மறந்துடுங்க.

அரஞ்சீனோன்னு சொன்னேன்ல, அது கத்தானியா பேர், ஆம்பள, கூம்பு மாதிரி இருக்கும். பலெர்மோல அரஞ்சீனா, பொம்பள, உருண்டையா இருக்கும். மாத்திச் சொன்னா கடைக்காரரே திருத்துவார், சிரிச்சுக்கிட்டேதான், ஆனா திருத்துவார்.

காலை சாப்பாடு கிரானீத்தா. ஐஸ அரைச்ச மாதிரி ஆனா அதவிட வழவழன்னு, பாதாம், எலுமிச்சை, காபி, பிஸ்தா, மல்பெரின்னு, கூட ஒரு பெரிய பிரியோஷ் பன். பன்ன பிச்சு தொட்டு சாப்பிடணும், காலைல எட்டு மணிக்கு ஐஸ் சாப்பிடறதுக்கு வீட்ல திட்டு வாங்காத ஒரே ஊர். பிரியோஷ்ல முட்டை இருக்கும், மாமியாருக்கு வெறும் கிரானீத்தா மட்டும். கன்னோலி வாங்கும்போது உள்ள ரிகோட்டாவ நம்ம கண்ணு முன்னாடி நெரப்பற கடையில வாங்குங்க, கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஏற்கனவே நெரப்பி வெச்சது நமத்துப் போயிருக்கும்.

மத்தியானம் போனா எல்லாமே மூடியிருக்கே?

ஒரு மணிலருந்து நாலு மணி வரைக்கும் சின்ன ஊர்ல ஈ காக்கா இருக்காது. ராத்திரி சாப்பாட்டுக் கடை ஏழரைக்கு முன்னாடி தெறக்கவே தெறக்காது. சண்ட போட்டுப் பிரயோஜனமில்ல, நீங்களும் தூங்குங்க. பசங்களுக்கு பசிச்சா பார்ங்கற பேர்ல இருக்கற காபிக் கடைங்க தெறந்திருக்கும், நம்ம ஊர் பார் இல்ல, குடும்பத்தோட போகலாம். நின்னுக்கிட்டு குடிச்சா காபி ஒரு வெல, டேபிள்ல ஒக்காந்தா வேற வெல. ஓட்டல் பில்லுல 'கோப்பெர்த்தோ'ன்னு ஆளுக்கு ஒண்ணு ரெண்டு யூரோ இருக்கும், அது ஏமாத்து இல்ல, ஒக்காந்ததுக்கான காசு.

இடிபாடு எல்லாம் ஒரே மாதிரிதானே, எத விடலாம்?

மூணு நாலு கிரேக்கக் கோயிலுக்கு மேல பாத்தா எனக்கும் தூண் தூணாத்தான் தெரிஞ்சுது. அதனால அக்ரிஜெந்தோ பாத்தா செலினுந்தே, செஜஸ்தாவ விட்டுடலாம், வரலாறு பைத்தியம் இருந்தா மட்டும் போங்க.

அக்ரிஜெந்தோல கான்கார்டியா கோயில் 2,400 வருஷத்துக்கு மேல பழசு, இன்னும் முழுசா நிக்குது, காரணம் ஆறாம் நூற்றாண்டுல அத சர்ச்சா மாத்தி உபயோகப்படுத்தினதுதான். மேல் கேட்டுல, ஜூனோ கோயில் பக்கம் உள்ள நொழைஞ்சு கீழ்நோக்கி நடங்க, முழுசும் எறக்கம். கீழருந்து ஆரம்பிச்சா மூச்சு வாங்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல போங்க, வெளிச்சம் விழுந்தா அந்தக் கல்லு தேன் நெறத்துக்கு வரும்.

சிராக்கூசா கதீட்ரல் எனக்கு எல்லாத்தையும் விட புடிச்சது. வெளிய பாத்தா பரோக் சர்ச், பக்கவாட்டுச் சொவத்த பாருங்க, கிரேக்க அத்தேனா கோயிலோட தடித்தடி தூணுங்க அப்படியே சொவத்துக்குள்ள புதைஞ்சிருக்கும். கி.மு. அஞ்சாம் நூற்றாண்டுலருந்து அந்த ஒரே எடத்துலதான் மக்கள் கும்புட்டுக்கிட்டு இருக்காங்க. மாமியார் தூணத் தொட்டு கண்ணுல ஒத்திக்கிட்டாங்க, எந்த சாமிக்குன்னு நான் கேக்கல.

நோட்டோ, மோதிகா, ரகூசா மூணும் 1693 பூகம்பத்துல தரமட்டமாகி திரும்ப கட்டின ஊருங்க, அதான் எல்லாம் ஒரே கை கட்டின மாதிரி இருக்கும். மோதிகால சாக்லேட் வாங்குங்க, கோக்கோவ ரொம்ப சூடு ஏத்தாம அரைக்கறதால சர்க்கரை கரையாம நறநறன்னு இருக்கும். பியாட்சா அர்மெரினால ரோமானிய மாளிகை, 3,500 சதுர மீட்டருக்கு தரை பூரா மொசைக், பிகினி போட்ட மாதிரி பத்து பொண்ணுங்க வெளையாடற ஒரு ரூம் உண்டு, நாலாம் நூற்றாண்டு. நிலச்சரிவுல மூடினதாலதான் தப்பிச்சுது.

பலெர்மோல நார்மன் அரண்மனைக்குள்ள இருக்கற சேப்பலயும் மொன்ரியாலேவையும் விடவே கூடாது. அரபுக்காரங்க ரெண்டு நூற்றாண்டு ஆண்ட ஊர வட பிரான்ஸ்லருந்து வந்த நார்மன்காரங்க 1072ல புடிச்சாங்க, ஆனா அந்த வேலைக்காரங்கள தொரத்தாம வெச்சுக்கிட்டாங்க, அதனால மேல அரபு மரக்கூரை, சொவத்துல கிரேக்க ஸ்டைல் தங்க மொசைக், கீழ லத்தீன் பூசை. மொன்ரியாலேல தங்க மொசைக் மட்டும் 6,000 சதுர மீட்டருக்கு மேல. தோள் மூடின டிரஸ் போட்டுட்டு போங்க.

பலெர்மோல தமிழ் ஆளுங்க இருக்காங்களாமே?

நெசம்தான், எனக்கும் போய்தான் தெரிஞ்சுது. எண்பதுகள்லருந்து போரால இலங்கைய விட்டு வந்த தமிழ்க் குடும்பங்க அங்க நெறைய. பல்லாரோ மார்க்கெட் பக்கம் நடந்தா நம்ம மசாலா வாசன வரும்.

பலெர்மோவோட காவல் தெய்வம் சாந்தா ரொசாலியா, 1624ல ப்ளேக் வந்தப்ப அந்தப் புனிதையோட எலும்பு கெடச்சு ஊர்வலமா கொண்டு போனதும் நோய் நின்னுதுன்னு நம்பிக்கை. பெல்லெக்ரீனோ மலை மேல ஒரு குகைக்குள்ள கோயில். அங்க தமிழங்க தொடர்ந்து போறாங்க, கத்தோலிக்கங்க மட்டும் இல்ல, இந்துக்களும். நாங்க போன பஸ்ல ஒரு அக்கா மாமியாரோட சேலைய பாத்துட்டு எழுந்து எடம் குடுத்து, 'அம்மா, நீங்கள் இந்தியாவோ? எங்கட ஆக்கள் கன பேர் இங்க இருக்கினம், கும்பிட்டதெல்லாம் தருவா இவ'ன்னாங்க. ரெண்டு பேரும் எறங்கற வரைக்கும் பேசினாங்க. ஜூலை 14 ராத்திரி பெரிய தேர் திருவிழா, செப்டம்பர் 4ஆம் தேதி மலைக்கு நடைப்பயணம், தேதி ஒத்து வந்தா பாருங்க.

மாஃபியா பயம் இருக்கா?

டூரிஸ்டுக்கு இல்ல. பயப்பட வேண்டியது பஸ்ல பிக்பாக்கெட்டுக்கும் கார் சீட்டுல விட்டுட்டுப் போற பைக்கும்தான். ஆனா அங்க போய் மாஃபியா ஜோக் அடிக்காதீங்க, தொப்பி துப்பாக்கி போட்ட டீ ஷர்ட்டும் வாங்காதீங்க. பலெர்மோ ஏர்போர்ட் பேரே ஃபல்கோனே, பொர்செல்லீனோ, 1992ல ரெண்டு மாச எடவெளில குண்டு வெச்சுக் கொல்லப்பட்ட நீதிபதிங்க. ஏர்போர்ட்லருந்து ஊருக்கு வர்ற வழியில கபாச்சில ஹைவே ஓரமா செவப்பு நினைவுத் தூண் நிக்கும், அங்கதான் ஃபல்கோனேவுக்கு குண்டு வெச்சது. சில கடை வாசல்ல 'அத்தியோபிட்சோ'ன்னு ஸ்டிக்கர் பாப்பீங்க, மாமூல் குடுக்க மாட்டோம்னு 2004ல ஆரம்பிச்ச இயக்கம், முடிஞ்சா அந்தக் கடையில வாங்குங்க.

ஸ்ட்ரோம்போலி எரிமலைத் தீவு மாதிரி குட்டித் தீவுங்க?

பத்து நாள்ல சேக்காதீங்க. மிலாட்சோலருந்து போட், அலை இருந்தா நிறுத்திடுவாங்க, ஒரு நாள் மாட்டிக்கிட்டா மீதி பிளான் காலி. ராத்திரி போட்ல இருந்து நெருப்பு பாக்கறதுக்குன்னே தனியா ஒரு டிரிப் வரலாம். உச்சிக்கு இப்ப விடறதில்ல, குறிப்பிட்ட ஒயரம் வரைக்கும்தான். ஒரு தீவு பாத்தே ஆகணும்னா த்ராப்பனிலருந்து ஃபவிஞ்ஞானா, காலைல போய் சாயங்காலம் வந்துடலாம்.

பீச்?

குடும்பத்துக்கு செஃபலு. மணல் பீச், பின்னாடியே கதீட்ரல், ஸ்டேஷன்லருந்து நடக்கற தூரம். தாவோர்மினா கீழ இருக்கற இசோலா பெல்லா போட்டோல அழகா இருக்கும், ஆனா கூழாங்கல்லு, ரப்பர் செருப்பு வேணும். 'லீதோ'ன்னு போர்டு இருந்தா குடைக்கும் சாய்வு நாற்காலிக்கும் காசு.

வயசானவங்களால நடக்க முடியுமா?

நடக்கணும், அதுல சமாதானமே இல்ல. ரகூசா பூரா படிக்கட்டு. வீடு புக் பண்ணும்போது லிஃப்ட் இருக்கான்னு கேளுங்க. பழைய ஊர்ல ரோடெல்லாம் வழுவழு கல்லு, மழை பேஞ்சா வழுக்கும், மாமியாருக்கு சேலைக்குக் கீழ ஸ்போர்ட்ஸ் ஷூ போட வெச்சோம், மொத நாள் கூச்சப்பட்டாங்க, மூணாவது நாள் கழட்டவே இல்ல.

பிளக், கேஷ் இதெல்லாம்?

நம்ம ரெண்டு பின் சார்ஜர் அங்க நொழையும், மூணு பின் நொழையாது. கார்டு பெரும்பாலும் எங்கயும் எடுப்பாங்க, மார்க்கெட்டுக்கும் ஓட்டல்ல ராத்திரிக்கு ஆளுக்கு இவ்ளோன்னு வாங்கற டூரிஸ்ட் டாக்ஸுக்கும் சில்லறை யூரோ வெச்சுக்கோங்க. எமர்ஜென்சின்னா 112.

விட்டுப் போன பாதிய நெனச்சு வருத்தமா இல்லியா?

ரெண்டாவது தடவ த்ராப்பனி, எரிச்சே, உப்பளம் எல்லாத்தையும் விட்டுட்டோம். பலெர்மோல கடைசி நாள் அங்க போறதாத்தான் இருந்துச்சு, காலைல எழுந்தா மாமியார் பனெல்லே கடைக்காரரோட பேச்சு, அவர் இத்தாலியன்ல, இவங்க தமிழ்ல, வாழக்காய எப்படி சீவணும்னு கையாலயே காட்டிக்கிட்டு இருந்தாங்க. ரயில போக விட்டுட்டோம்.